மொதலாளி மருமவனுக்கு

வெப்சைட்டு தொறந்திருக்கியாமே மருமவனே! உங்கம்ம ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா. உடன்குடி பஜார்ல கருப்பட்டி வித்த குடும்பத்துல இருந்து உலகம் பூரா விக்கப்போற மொத ஆளு நீதானாம். நல்லா இரு. எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் ஒரு எழவும் தெரியாது. கமிசன் கடைத் திண்ணையில தராசு முள்ளைப் பாத்தே வயசு போச்சு. அதனால நான் சொல்லுததை நீ கேக்கணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல. பேத்தி போனை வாங்கி உன் சைட்டைப் பாத்தேன், நாலு வார்த்தை தோணுச்சு, அம்புட்டுதான்.

மொத பக்கத்துல ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் கோட்டு போட்டுக்கிட்டு கை குலுக்குதாங்க. ரொம்ப அழகு. பனையேறி கோட்டு போட்டு நான் பாத்ததில்ல, இனிமே போடுவாம்போல. படத்துக்குக் கீழ, ‘எங்கள் இணையதளத்திற்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம்’. அதுக்கும் கீழ, ‘தரத்தில் சமரசம் இல்லை’. சிமெண்டு கம்பெனிக்காரனும் டயரு கம்பெனிக்காரனும் இதையேதான் போட்டிருக்கான், அவனுக்கும் சமரசம் கிடையாதாம். நீ விக்குதது கருப்பட்டிங்கதே விரலால தள்ளித் தள்ளி அடிப்பக்கம் போன பெறவுதான் தெரியுது. விலை எங்கன்னு தேடினா ‘விலைக்கு அழைக்கவும்’. எந்த நம்பருக்கு அழைக்கன்னு பாத்தா, நம்பரை ஒரு படத்துக்குள்ள எழுதி வச்சிருக்க. தொட்டா போன் போவாது. காயிதம் தேடி, பேனா தேடி, எழுதி, பெறவு அடிக்கணும். வாங்க வாரவன் எம்புட்டுப் பொறுமைசாலின்னு சோதிச்சுப் பாக்கியோ?

பட்டிக்காட்டான் புத்திக்குத் தோணுதது இதுதான். பக்கம் தொறந்ததும் என்ன சரக்கு, எந்த ஊரு, என்ன விலை, எப்படி வாங்கணும்னு கண்ணுக்கு முன்னால நிக்கணும். நம்பரை எழுத்தாவே போடு, தொட்டதும் மணி அடிக்கட்டும். பக்கத்துல ஒரு வாட்ஸ்அப் பொத்தான். விக்குதவன் பேரு, முகவரி, மொத்த விலை, திருப்பி எடுக்குத விதி, புகாரு கேக்க ஒரு ஆளு, இம்புட்டையும் 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதியே கேக்குது. தின்னுத சரக்குங்கதால எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. குடுத்த 14 இலக்க நம்பரும் வேணும். நீ அதை விட்டுட்டு ‘அவார்டு வின்னிங்’னு போட்டிருக்க. என்ன அவார்டுன்னு உங்கம்மயக் கேட்டேன். அவ என்னையத் திருப்பிக் கேக்கா.

புவிசார் குறியீட்டு முத்திரையையும் எங்கயோ வெட்டி எடுத்து ஒட்டியிருக்க. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023ல அது கெடச்சது வாஸ்தவம். ஆனா அதை அதிகாரம் பெற்ற பயனரா முறையாப் பதிஞ்சவன்தான் போடலாம், ஊர்க்காரனெல்லாம் போட முடியாது. பதிஞ்சிட்டு ஒட்டு. அதுவரைக்கும் ‘உடன்குடியில இருந்து’ன்னு உண்மையைச் சொன்னாலே எடுபடும்.

சரி, வேகத்துக்கு வாரேன். பேத்தி சைட்டைத் தொறந்து வச்சிட்டுப் போயி தண்ணி குடிச்சிட்டு வந்தா. அப்பவும் வெள்ளைக்காரன் தலை மட்டும்தான் எறங்கியிருந்தது, கோட்டு வரல. குலசையில ராக்கெட்டு ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நட்டாச்சு. அது மேல போறதுக்குள்ளயாவது உன் பக்கம் கீழ எறங்கிருமால? பக்கத்துல உள்ள பெரிய சமாச்சாரம் 2.5 விநாடிக்குள்ள கண்ணுக்குத் தெரியணும்னு கூகுள்காரன் ஒரு கணக்கு வச்சிருக்கான். நீ கேமராவுல எடுத்த படத்தை எடுத்த மேனிக்கே, ஒண்ணு ஒண்ணும் 6 எம்.பி. கனத்துக்கு ஏத்தியிருக்க. அதுலயும் அஞ்சு படம், ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. வாசிக்கலாம்னு பாத்தா நழுவிருது.

உன் சரக்கை வாங்குதவன் திருச்செந்தூர் பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து, சிக்னல் வந்து வந்து போற போனுல பாக்கான். பெரிய திரையில, ஏசி ரூமுல உக்காந்து பாக்குதவன் உன் டிசைனர் ஒருத்தன்தான். அவன் கருப்பட்டி வாங்க மாட்டான். படத்தை 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வெப்-பிங்குத வடிவத்துக்கு மாத்தினா 150 கே.பி.க்குள்ள அடங்கிரும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அந்தத் தம்பதியை ஊருக்கு அனுப்பிட்டு, ஓலைப்பெட்டியில நம்ம சிரட்டைக் கருப்பட்டியை வச்சு காலை வெயில்ல நீயே ஒரு படம் எடுத்துப் போடு. கொஞ்சம் கோணலா இருந்தாலும் குத்தமில்ல. மேல மூலையில ‘பாதுகாப்பற்றது’ன்னு வேற காட்டுது. அதைப் போக்குத எஸ்.எஸ்.எல். சான்றிதழை இப்ப இலவசமாவே தாராங்க, ஹோஸ்டிங்காரன்கிட்ட சொன்னா போட்டுத் தருவான். சான்றிதழ் இல்லாத பக்கத்தை 2018ல இருந்தே குரோம் அப்படித்தான் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லுது. பணம் கட்ட வந்தவன் அந்த வார்த்தையைப் பாத்தா பர்ஸை மூடிருவான்.

இப்பதான் உன் கட்டுரைகளுக்கு வாரேன். இதுக்குத்தான் வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்தேன்.

‘கருப்பட்டியின் 25 அற்புத மருத்துவப் பயன்கள்.’ உள்ள போனா, ‘கருப்பட்டி என்பது பனை மரத்திலிருந்து பெறப்படும் ஒரு இனிப்புப் பொருளாகும்.’ அடேயப்பா, கண்டுபிடிச்சிட்டியே! 25ஐயும் எண்ணிப் படிச்சேன். 7ஆவதும் 19ஆவதும் ஒண்ணேதான், வார்த்தையை மட்டும் மாத்தி உக்கார வச்சிருக்கு. ஒரே ராத்திரியில 40 கட்டுரை ஏத்தினேன்னு பெருமையா சொன்னியாம். எந்த மிஷினு எழுதிச்சோ, அது நம்ம பக்கம் காலே வைக்கலன்னு வரிக்கு வரி தெரியுது. ஒரு எடத்துல பனம்பழத்தைப் பிழிஞ்சு கருப்பட்டி எடுப்பாங்கன்னு இருக்கு. உங்கம்ம படிக்கல, நீ தப்பிச்ச. படிச்சிருந்தா வெளக்குமாத்தைத் தேடியிருப்பா.

இது புதுத் தந்திரம்னு நெனச்சுக்கிடாத. சல்லிசாக் கட்டுரை எழுதிக் குவிச்சு தேடுதவன் கண்ணுல மண்ணைத் தூவின கம்பெனிங்களை 2011 பிப்ரவரியிலயே கூகுள் ஒரு தட்டு தட்டிச்சு. பாண்டான்னு பேரு. கரடியை நெனச்சு வச்ச பேரு இல்லயாம், அங்க வேலை பாத்த ஒரு இஞ்சினியரு பேரு. 2022 ஆகஸ்டுல மறுபடியும் ஒரு தட்டு. 2024 மார்ச்சுல இன்னும் தெளிவாவே சொல்லிட்டான்: ஆளு எழுதினாலும் சரி, மிஷினு எழுதினாலும் சரி, தேடல்ல மேல வரணும்னு மட்டும் குப்பைகுப்பையா எழுதிக் குவிச்சா ஸ்பாம் கணக்குல சேரும். மிஷினுகிட்ட எழுத்துப்பிழை பாக்கக் குடு, வேண்டாங்கல. ஆனா விஷயம் உன் கையில இருந்து வரணும். இப்ப இன்னொண்ணும் இருக்கு. கருப்பட்டின்னா என்னன்னு கேட்டா கூகுளே மேல ஒரு பத்தியில பதிலைச் சொல்லி முடிச்சிருது. நம்ம நாட்டுக்கு அது 2024 ஆகஸ்டுல வந்தாச்சு. அந்தப் பதிலைத் தாண்டி உன் சைட்டுக்கு ஒருத்தன் வரணும்னா, அந்தப் பத்தியில இல்லாதது ஒண்ணு உன்கிட்ட இருக்கணும்லா?

இருக்கு மருமவனே, கொட்டிக் கெடக்கு. உன் வாட்ஸ்அப்பைத் தொற. ஆர்டரு குடுத்தவங்க கேட்ட கேள்வியெல்லாம் அங்கதான இருக்கு. ‘தம்பி, மழை பெய்யவும் கருப்பட்டி வேர்த்து ஒழுகுதே, கெட்டுப்போச்சா?’ன்னு ஒரு அம்மா கேட்டிருப்பா. நீ ‘இல்லை மேடம், நல்லா இருக்கும்’னு ஒரு வரியில முடிச்சிருப்ப. அதுதாம்ல கட்டுரை! கருப்பட்டி காத்துல உள்ள ஈரத்தை இழுக்கும், ஐப்பசி கார்த்திகையில வேர்க்கத்தான் செய்யும், முன்னெல்லாம் அடுப்புக்கு மேல பரண்ல ஓலைப்பெட்டியில வச்சாங்க, இப்ப ஃபிளாட்டுல இருக்குதவன் ஈரமில்லாத டப்பாவுல இறுக்கி மூடி வைக்கணும், ஈரக் கரண்டியை உள்ள விடக்கூடாது. இதை உங்கம்மகிட்டக் கேட்டு, வேர்த்த கருப்பட்டி ஒண்ணையும் வேர்க்காதது ஒண்ணையும் பக்கத்துல வச்சு படம் எடுத்துப் போட்டேன்னா, மழைக்காலம் வந்ததும் அதைத் தேடி ஆளு வரும். சரக்கைத் திருப்பி அனுப்புதவன் எண்ணிக்கையும் குறையும். ஒரே கட்டுரை, ரெண்டு லாபம்.

இன்னும் என்ன கேப்பாங்க? போன தடவை கறுப்பா இருந்துச்சு, இந்தத் தடவை ஏன் செவந்திருக்குன்னு கேப்பாங்க. ஒரு கிலோவுக்கு எத்தனை வட்டு நிக்கும்? ஒரு செம்பு காப்பிக்கு எவ்வளவு தட்டிப் போடணும்? புட்டுக்குத் தூளு பண்ணுதது எப்படி? எந்த மாசம் புதுச் சரக்கு? ஒண்ணு ஒண்ணுக்கும் ஒரு பக்கம். தலைப்பு வாங்குதவன் கேட்ட வார்த்தையிலயே இருக்கட்டும், ‘கருப்பட்டியின் வண்ண மாறுபாடுகள் குறித்த ஒரு பார்வை’ன்னு வைச்சிராத. அவன் அப்படித் தேட மாட்டான்.

எல்லாத்துக்கும் மேல ஒரு கேள்வி உண்டு, அதைக் கேக்காம ஒருத்தனும் வாங்க மாட்டான். சீனி கலந்ததா? நீ அதுக்கு ‘100 சதவீதம் தூய்மையானது’ன்னு பச்சை வட்டம் ஒண்ணு ஒட்டியிருக்க. சீனியைக் கொட்டிக் காய்ச்சுதவன் அதைவிடப் பெரிய வட்டமா ஒட்டியிருக்கான், போயிப் பாரு. வட்டத்தை எடு. பங்குனி சித்திரையில விடியக்காலம் எழுந்திரு. பனையேறி எந்த விளையில இறக்குதாரோ அங்க போ. கலயத்துல சுண்ணாம்பு தடவுததைக் காட்டு, தடவலன்னா புளிச்சுக் கள்ளாயிரும்னு அவர் வாயாலயே சொல்லட்டும். பதநீரை வடிகட்டி ஊத்துததுல இருந்து, பாகு பதம் பாத்து சிரட்டையில ஊத்துத வரைக்கும் வெட்டாம எடு. பாட்டு வேண்டாம், டிரோனு வேண்டாம். எம்புட்டுப் பதநீர் காஞ்சு எம்புட்டுக் கருப்பட்டி நின்னுச்சுன்னு அன்னைக்குக் கணக்கை எழுது. விலை ஏன் இப்படி இருக்குன்னு பெறவு எவனும் உன்னைய ஒரு கேள்வி கேக்க மாட்டான். கூகுள் தரம் பாக்குதவங்களுக்குக் குடுக்குத கையேட்டுல 2022 டிசம்பர்ல ‘அனுபவம்’னு ஒரு வார்த்தையைப் புதுசா சேத்தானாம். உங்கம்ம கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து காய்ச்சுதா. அவளை ஒரு வார்த்தை கேக்காம நீ மிஷினைக் கேக்க.

அந்த 25 பயன்ல மொதலாவது என்ன? ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்.’ இதைத்தான் நான் சிரிக்காம சொல்லுதேன், எடுத்துரு. கருப்பட்டியிலயும் பெரும்பங்கு சர்க்கரைதான். அதை நம்பி எவனாவது மாத்திரையை நிப்பாட்டிட்டு உன் கருப்பட்டியைத் தின்னா அந்தப் பாவம் யாருக்கு? பாவத்தை விடு, சட்டம் இருக்கு. சில நோயைக் குணமாக்கும்னு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு 1954லயே ஒரு சட்டம் போட்டான், அந்தப் பட்டியல்ல சர்க்கரை நோயும் இருக்கு. ‘சுகர் உள்ளவங்க டாக்டரைக் கேக்காம சாப்பிடாதீங்க, இதுவும் இனிப்புதான்’னு ஒரு வரி எழுது. யாபாரம் போயிரும்னு பயப்படுதியா? இவன் இதுல பொய் சொல்லல, அப்ப சீனி விஷயத்துலயும் பொய் சொல்ல மாட்டான்னு நெனைக்கத்தான் செய்வான் வாங்குதவன்.

உனக்கு எஸ்.இ.ஓ. பண்ணித் தாரேன்னு ஒரு தம்பி வந்தானாமே. கூகுள்ல முதலிடம் கியாரண்டின்னானாம். கியாரண்டி யாராலயும் தர முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு. அந்தத் தம்பி கூகுளுக்கும் மேல போலிருக்கு. அவன் என்ன செஞ்சான்? ‘பெஸ்ட் கருப்பட்டி, சீப் கருப்பட்டி, கருப்பட்டி ஆன்லைன்’னு 200 வார்த்தையைக் கண்ணுக்குத் தெரியாத பெட்டியில திணிச்சான். அந்தப் பெட்டியை நாங்க பாக்கிறதே இல்லைன்னு கூகுள்காரன் 2009லயே சொல்லிட்டான். பெறவு 500 பேக்லிங்க் வாங்கித் தந்தானாம். உன் கருப்பட்டிக்கு ரஷ்யாவுல உள்ள சூதாட்டப் பக்கம் சிபாரிசு! 2012 ஏப்ரல்ல பெங்குயின்னு ஒண்ணை இறக்கி இந்த மாதிரி சிபாரிசையெல்லாம் வெட்டினது அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லல போல. அப்ப அவன் பள்ளிக்கூடம் போயிருப்பான், பாவம்.

அந்தக் காசை வச்சுக்கோ. சர்ச் கன்சோல்னு ஒண்ணு இருக்கு, ஓசி. எந்த வார்த்தையைத் தேடினவனுக்கு உன் பக்கம் காட்டுச்சு, எத்தனை பேரு தொட்டான்னு 16 மாசக் கணக்கு அதுல கெடக்கும். சென்னைக்காரன் பனைவெல்லம்னு தேடுவான், நம்ம பக்கத்துக்காரன் கருப்பட்டின்னு தேடுவான், அமெரிக்காவுல உள்ள நம்ம பிள்ளைங்க அதையே இங்கிலீசு எழுத்துல, ஆளுக்கொரு விதமா அடிக்கும். ரெண்டு மூணு பேரையும் கட்டுரையில இயல்பா ஒருக்காச் சொல்லிவச்சா போதும். நூறு பேரு பாத்து ஒருத்தனும் தொடலன்னா தலைப்பு சரியில்ல, மாத்து. கூகுள் மேப்புல கடையைப் பதியுததும் ஓசிதான். நேரம், நம்பரு, கடை வாசல் படம். திருச்செந்தூர் கோயிலுக்கு வந்துட்டுப் போறவன் ‘பக்கத்துல கருப்பட்டி’ன்னு தேடினா நீ வரணும்லா? அதை விட்டுட்டு ரஷ்யாவுல சிபாரிசு.

டொமைன் யாரு பேருல இருக்குன்னு பாத்தியா? பாரு. அந்தத் தம்பி பேருலயும் அவன் மெயிலுலயும் இருந்துச்சுன்னா, அவன் கல்யாணம் முடிச்சு துபாய் போற அன்னைக்கு உன் கடைச்சாவியும் சேந்து போயிரும். உன் பேருக்கு, உன் மெயிலுக்கு, உன் நம்பருக்கு மாத்து. வருசம் தப்பாம பணம் கட்டுத மாதிரி வச்சிரு. இன்னைக்கே. இந்தக் கடிதத்தை மடிச்சு வச்சிட்டுப் போ, பெறவு வந்து படி.

வந்துட்டியா? சரி.

நீ பேசுத பேச்சுல சைட்டை விட இன்ஸ்டாகிராம்தான் ஜாஸ்தி வருது. அங்கதான் கூட்டமாம். கூட்டம்தான், யாரு இல்லங்கா. குலசை தசராவுலயும் கூட்டம்தான். பத்து நாளும் வேசம் கட்டுன சனம் நெருங்கியடிக்கும், நீயும் கடை போடு, நல்லா வித்துட்டு வா. ஆனா எடம் உன்னுது இல்ல. சூரசம்ஹாரம் முடிஞ்ச மறுநாள் கூரையைப் பிரிக்கணும், அடுத்த வருசம் எந்த மூலையில எடம் குடுப்பானோ அவன் இஷ்டம். அந்தக் கடையில நீ சேக்க வேண்டியது காசு மட்டும் இல்ல, வந்தவன் வீட்டு விலாசம். ஜியோசிட்டீஸ்னு ஒரு எடத்துல வீடு கட்டினவனையெல்லாம் 2009ல காலி பண்ணச் சொன்னான். ஆர்க்குட்டு 2014ல போச்சு, கூகுள் பிளஸ் 2019ல போச்சு. டிக்டாக்குல லட்சம் பேரைச் சேத்து வச்சிருந்தவனெல்லாம் 2020 ஜூன் 29 ராத்திரி படுத்து எந்திரிச்சா கடையே இல்ல. சின்னக் கடைக்காரனுக்குன்னு கூகுளே ஓசியில கட்டிக் குடுத்த வெப்சைட்டையும் 2024 மார்ச்சுல மூடிட்டான். மூடாம இருக்குதவனும் சும்மா இருக்க மாட்டான். பேஸ்புக்கு 2018 ஜனவரியில சொந்தக்காரன் சேக்காளி போடுததுக்குத்தான் முன்னுரிமைன்னு சொல்லி, யாபாரப் பக்கத்தையெல்லாம் பின்னால தள்ளிட்டு.

அதனால ரீல்ஸ் போடு, நல்லா ஆடு. ஆனா காய்ச்சுத படத்துல பாதியை அங்க போட்டுட்டு மீதியை உன் பக்கத்துல வை. எழுதுத கட்டுரை மொதல்ல உன் சைட்டுல ஏறணும், அங்க துணுக்கு போகட்டும். வாங்கினவன்கிட்ட ‘புதுச் சரக்கு வந்தா சொல்லவா’ன்னு கேட்டு, சரின்னவன் நம்பரையும் மெயிலையும் ஒரு நோட்டுல, ஆமா, காயித நோட்டுலயும் ஒரு பிரதி எழுதி வை. சிரிக்காத. போனு தண்ணியில விழும்.

நம்பரு கையில இருக்குன்னு தெனமும் காலையில ரோசாப்பூ படம் போட்டு ‘இனிய காலை வணக்கம்’ அனுப்பாத. உன் முன்னோடி ஒருத்தன் இருந்தான், அமெரிக்காவுல. கம்ப்யூட்டர் விக்கதுக்காக 1978ல ஒரே நேரத்துல சுமார் 400 பேருக்கு, கேக்காமலே மெயிலு தட்டி விட்டான். ஏச்சு வாங்கினான், கொஞ்சம் வித்ததும் வித்தான். அதைப் பாத்து உலகமே கெட்டுப்போச்சு. இப்ப ஜிமெயில்காரன் உசாராயிட்டான். மொத்தமா அனுப்புதவன், ‘வேண்டாம்’னு ஒரே தொடுதல்ல விலகிக்கிட வழி வைக்கணும், ஆயிரத்துல மூணு பேரு ‘இது ஸ்பாம்’னு அமுக்கினாலே ஆபத்துன்னு 2024 பிப்ரவரியில விதி போட்டான். நீ அம்புட்டுப் பெரிய ஆளு இல்லதான். இருந்தாலும் வருசத்துக்கு நாலஞ்சு தடவை, சொல்ல விஷயம் இருந்தா மட்டும் அனுப்பு. பங்குனியில ‘காய்ச்சு ஆரம்பிச்சிட்டோம்’, ஆடிக்கு ‘இதோட முடிஞ்சுது, இருக்குதது இவ்வளவுதான்’. இருக்குதது எவ்வளவோ அதை மட்டும் சொல்லு.

ஏன் சொல்லுதேன்னா, உன் பக்கத்துல ஒரு செவப்புக் கட்டம் துடிக்குது. ‘சீக்கிரம்! 2 பாக்கெட் மட்டுமே மீதம்! இப்போது 37 பேர் பார்க்கிறார்கள்!’ பேத்தி மறுநாள் தொறந்தா, அப்பவும் ரெண்டு பாக்கெட்டுதான், அதே 37 பேரு. அந்த 37 பேருக்கும் வீடு வாசல் கிடையாதா? பொய்யா அவசரம் காட்டக்கூடாதுன்னு மத்திய அரசு 2023 நவம்பர்ல விதி போட்டிருக்கு, இந்த மாதிரி 13 தகிடுதத்தத்தைப் பேரு சொல்லி எழுதியிருக்கான். அதுல ஒண்ணு, விலையைச் சின்னதாக் காட்டிட்டு கடைசியில தபால் செலவைச் சேக்குதது. நீ அதையும் விடல. அரை கிலோ ஒரு விலைன்னு கூட்டிட்டுப் போயி, பணம் கட்டுத எடத்துல டெலிவரிச் செலவுன்னு கை நீட்டுத. மொத பக்கத்துலயே சொல்லு. ‘ரெண்டு கிலோவா எடுத்தா அனுப்புத செலவு கட்டுப்படியாகும்’னு யோசனையும் சொல்லு, தன்னால ரெண்டு கிலோ போகும்.

விமர்சனம் போட்டிருக்குத 18 பேரும் ஒரே செவ்வாக்கெழமை போட்டிருக்காங்க, அஞ்சு நட்சத்திரம். அதுல நாலு பேரு உன் சித்தப்பன் வீட்டுப் பிள்ளைங்க. ஒண்ணு நீயேதான், ‘மிகவும் சுவையான தயாரிப்பு, உரிமையாளர் மிகவும் நல்லவர்’னு எழுதியிருக்க. அதெல்லாம் கழட்டிரு. உண்மையா வாங்கினவன்கிட்ட பொட்டிக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு வச்சுக் கேளு. தள்ளுபடி தாரேன்னு ஆசை காட்டாத, கூகுள் அதைச் சம்மதிக்காது. மூணு நட்சத்திரம் போட்டு ‘பொட்டி நசுங்கி வந்தது’ன்னு ஒருத்தன் எழுதினா சண்டைக்குப் போகாத. ‘அட்டைப் பொட்டியை மாத்திட்டோம்’னு பதில் போடு, மாத்தவும் செய். அடுத்து வாரவன் அந்தப் பதிலைத்தான் படிப்பான்.

போன மாசம் ஆயிரம் பேரு பாத்தான்னு சொன்னியாம். சந்தோசம். எத்தனை பேரு வாங்கினான்? அதைக் கேட்டா இருமுதியாம். அந்த ஆயிரத்துல மிஷினு எத்தனை, நீயே பாத்துப் பாத்துத் தொறந்தது எத்தனை? எந்தப் பக்கத்தைப் படிச்சவன் பெறவு ஆர்டரு குடுத்தான்னு பாரு, அந்த மாதிரி இன்னும் ரெண்டு எழுது. ஒருத்தனும் படிக்காத 38ஐ அழிச்சிரு. பனம்பழத்தை மொதல்ல. விளம்பரத்துக்கு ஐநூறு ரூபா போடணும்னு கை அரிச்சா, இந்தியா பூராவும்னு பொத்தானை அமுக்கிராத. காஷ்மீர்க்காரன் நம்ம கருப்பட்டிக்கு என்ன பண்ணுவான்? ஏற்கனவே ஆர்டரு வந்த ஊரு எதுவோ அங்க மட்டும் போடு, தொட்டா நேரா விலையுள்ள பக்கத்துக்கே போகட்டும், வெள்ளைக்காரன் கிட்ட போக வேண்டாம்.

வீட்டுல வந்து காசு வாங்குத முறையை எல்லாருக்கும் வைக்காத. பார்சல் ஊரு சுத்திட்டுத் திரும்பி வரும், போன செலவும் உன்னுது, வந்த செலவும் உன்னுது. யூபிஐ இருக்கு, அதை முன்னால வை.

கடைசியா ஒண்ணு. உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நானே ரெண்டு கிலோ ஆர்டரு போடப் பாத்தேன். காசு எடுத்துக்கோடான்னா, ‘முதலில் கணக்கு தொடங்கவும்’னு சொல்லுது. சரின்னு பேரு, ஊரு, பொறந்த தேதியெல்லாம் குடுத்தேன். என் பொறந்த தேதி உன் கருப்பட்டிக்கு எதுக்குன்னு தெரியல. பெறவு பாஸ்வேர்டு. ஒரு பெரிய எழுத்து, ஒரு சின்ன எழுத்து, ஒரு எண்ணு, ஒரு குறி, எட்டுக்குக் குறையக்கூடாது. பேத்தி என்னவோ ஒண்ணைப் போட்டுட்டு டியூசனுக்குப் போயிட்டா. கணக்கு தொடங்காமலே வாங்க ஒரு வழி வைக்குத வரைக்கும், என் ரெண்டு கிலோவை உங்கம்மகிட்டக் குடுத்து விடு. புதுச் சரக்கா இருக்கட்டும். ரூபாயைப் பத்திக் கவலைப்படாத, அந்தப் பாஸ்வேர்டு ஞாபகம் வந்ததும் ஆன்லைன்லயே கட்டிருதேன்.